டிசம்பர் வகுப்பறையில் சான்டாவுக்கு இடம் உண்டா? நான்கு வழிகளின் ஒப்பீடு

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் நவம்பர் இறுதியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிய நாளிலிருந்து குளிர்கால விடுமுறை வரை கிடைப்பது ஏறக்குறைய மூன்று வாரம்தான். 2025-இல் பல பள்ளிகளுக்கு அது டிசம்பர் 1 முதல் 19 வரை, 15 பள்ளி நாட்கள். அந்த 15 நாளில் சுவரில் என்ன ஒட்டுவது, என்ன பாட்டுப் பாடுவது, யாருக்குக் கடிதம் எழுதவைப்பது என்று கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள ஒவ்வோர் ஆசிரியரும் முடிவெடுத்தாக வேண்டும்.

இதைப் பலரும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வகுப்பில் எதைக் கொண்டாடுவது என்பது ஒன்று. சான்டா, அவருடைய குட்டி உதவியாளரான எல்ஃப், விழுந்த பல்லுக்குப் பரிசு வைக்கும் பல் தேவதை போன்ற கற்பனைகளுக்கு வகுப்பில் யார் பொறுப்பு என்பது மற்றொன்று. கிறிஸ்துமஸ் மரமும் சான்டாவும் மதச்சார்பற்றவை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதே என்று ஆசிரியர் முதல் கேள்விக்கு விடை கண்டுவிடுகிறார். அதே கையோடு, 24 பிள்ளைகளுக்கு முன்னால் சான்டா வருவார் என்று வாக்குக் கொடுக்கும் ஆளாகவும் தான் ஆகிவிட்டதை அவர் கவனிப்பதில்லை. அந்த 24 வீடுகளில் எத்தனை வீடு அதற்குச் சம்மதித்தது?

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். அது பலர் பயப்படுவதைவிடத் தாராளமானது. 1963-இல் அபிங்டன் எதிர் ஷெம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளியில் மத வழிபாடு நடத்தக் கூடாது, மதங்களைப் பற்றிக் கற்பிக்கலாம் என்று கோடு போட்டது. தெற்கு டகோடாவின் சூ ஃபால்ஸ் நகரில் 1977-இல் கிண்டர்கார்டன் பிள்ளைகள் நடத்திய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் இயேசுவின் பிறப்பைப் பற்றிக் கேள்வி பதில் பகுதி ஒன்று இருந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பால் அங்குள்ள கல்வி வாரியம் எழுத்து விதிகளை உருவாக்கியது. மதமும் மதச்சார்பின்மையும் கலந்த பண்டிகைகளைக் கல்வி நோக்கத்தோடும் நிதானத்தோடும் வகுப்பில் எடுக்கலாம் என்ற அந்த விதிகளை 1980-இல் எட்டாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1989-இன் அலிகெனி கவுன்டி தீர்ப்பில், அரசுக் கட்டடத்தின் உள்ளே தனியாக வைத்த கிறிஸ்து பிறப்புக் குடில் தவறு என்றும், வேறொரு கட்டடத்தின் வெளியே மரத்தோடு சேர்த்து வைத்த யூத விளக்கு சரி என்றும் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. டெக்சஸ் 2013-இல் தனிச் சட்டமே போட்டது: 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று வாழ்த்தலாம், மதச் சின்னம் வைத்தால் கூடவே இன்னொரு மதத்தின் சின்னமோ மதம் சாராத சின்னமோ இருக்க வேண்டும்.

ஆனால் 2022-இல் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் ஜெபம் செய்த பிரெமர்டன் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு மதத்தை ஆதரிக்கிறதா என்று சோதித்துவந்த பழைய அளவுகோலை விட்டுவிட்டு, வரலாற்று நடைமுறையைப் பார்க்கச் சொன்னது. 2025 ஜூனில், மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி பெற்றோர் தொடுத்த வழக்கில், மத நம்பிக்கைக்குக் குறுக்கே வரும் பாடங்களைப் பற்றி முன்கூட்டித் தெரிந்துகொள்ளவும் பிள்ளையை விலக்கிக்கொள்ளவும் பெற்றோருக்கு வழி இருக்க வேண்டும் என்று அவர்கள் பக்கம் நின்றது. அது கதைப் புத்தகங்களைப் பற்றிய வழக்கு. ஆனாலும் டிசம்பருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவாக இருக்கிறது: எதைச் செய்தாலும் முன்னாலேயே எழுதிச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முன் யாரோ சொன்ன விதியை நம்பாமல், உங்கள் பள்ளி மாவட்டத்தின் எழுத்துக் கொள்கையை எடுத்துப் படியுங்கள்.

சட்டம் விடுவது ஒன்று, ஆறு வயதுப் பிள்ளைக்குத் தோதானது இன்னொன்று. இனி வழிகளைப் பார்ப்போம்.

முழுக் கிறிஸ்துமஸ்

மரம், சான்டாவுக்குக் கடிதம், அலமாரியில் எல்ஃப் பொம்மை, கடைசி நாளில் விருந்து. இதன் பலம் உண்மையானது. பெரும்பான்மைப் பிள்ளைகள் ஏற்கெனவே அந்தக் குதூகலத்தில் இருக்கிறார்கள். பெற்றோர் உதவிக்கு வருவார்கள், சாமான் கடைகளில் கொட்டிக் கிடக்கும், ஆசிரியருக்கு யோசிக்கிற வேலை குறைவு.

பலவீனம் 'நல்ல பிள்ளைக்குத்தான் சான்டா பரிசு தருவார்' என்ற ஒற்றை வரியில் இருக்கிறது. ஜனவரி முதல் திங்கட்கிழமை வட்டமாக உட்கார்ந்து "உனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்கும்போது ஒரு பிள்ளை கேம் கன்சோல் என்கிறது, அடுத்தது ஒரு ஸ்வெட்டர் என்கிறது, அதற்கடுத்தது ஒன்றும் சொல்லாமல் கம்பளத்தின் நூலைப் பிய்க்கிறது. வகுப்பில் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்த கணக்கின்படி இவர்களில் யார் நல்ல பிள்ளை? அந்தக் கணக்கை ஏழைப் பிள்ளை தானே போட்டுக்கொள்ளும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு எதை விட்டாலும் விடாவிட்டாலும், நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளைப் பட்டியலை வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜனவரியில் "விடுமுறையில் ஒரு நாள் என்ன செய்தாய்?" என்று கேளுங்கள்.

எல்ஃப் பொம்மை 2005-இல் புத்தகத்தோடு சேர்ந்து சந்தைக்கு வந்தது. பகலில் பிள்ளைகளைக் கவனிக்கும், இரவில் வட துருவம் போய்ச் சான்டாவிடம் சொல்லும், யாரும் தொட்டால் அதன் மந்திரம் போய்விடும் என்பது கதை. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு நடத்துவதற்கும் வகுப்பில் 24 பேருக்கு நடத்துவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பதினைந்து காலையும் ஆசிரியர் அதை இடம் மாற்ற வேண்டும். காய்ச்சலில் விடுப்பு எடுத்தால் மாற்று ஆசிரியருக்கு விஷயம் தெரியாது, பொம்மை அங்கேயே இருக்கும். இரண்டாம் வாரம் ஏதாவது ஒரு பிள்ளை கைபோட்டுத் தொட்டுவிடும், பிறகு மிச்ச நாள் முழுக்க அந்தப் பிள்ளை வகுப்புக்கே எதிரி. இதை வைத்து வகுப்பை அடக்குவது அதைவிடக் கெடுதல். டிசம்பர் 19 வரை பொம்மைக்குப் பயந்து அமைதியாக இருந்த வகுப்பு ஜனவரியில் எதற்காக அமைதியாக இருக்கும்? யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை பகலெல்லாம் சான்டாவின் ஒற்றனுக்குக் கீழே உட்கார வேண்டியிருக்கிறது. எல்ஃப் பொம்மை பொதுப் பள்ளி வகுப்புக்கு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

உலகப் பண்டிகைச் சுற்று

ஒரு நாள் ஹனுக்கா, ஒரு நாள் குவான்ஸா, ஒரு நாள் ஸ்வீடனின் லூசியா, ஒரு நாள் மெக்சிகோவின் லாஸ் போசாதாஸ். நல்லெண்ணத்தோடு செய்வது, பெற்றோர்களுக்கும் பிடிக்கிறது. ஆனால் அவசரமாகச் செய்தால் எல்லாப் பண்டிகையும் வேறு உடை போட்ட கிறிஸ்துமஸ் ஆகிவிடுகிறது. ஹனுக்கா யூதர்களுக்குச் சிறிய பண்டிகைதான். யோம் கிப்பூர், பாஸ்கா அளவுக்குப் பெரியதல்ல. டிசம்பரில் விழுவதால் மட்டுமே அதைப் பெரிதாக்குகிறார்கள். அதன் தேதியும் நகரும்: 2024-இல் டிசம்பர் 25 மாலை தொடங்கியது, 2025-இல் டிசம்பர் 14 மாலை. போன வருடத்து அட்டவணையை அப்படியே எடுத்தால் தேதி தப்பிவிடும். குவான்ஸா 1966-இல் மௌலானா கரெங்கா தொடங்கிய ஆப்பிரிக்க அமெரிக்கப் பண்பாட்டு விழா, மத விழா அல்ல. அது டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை நடப்பதால் பள்ளி திறந்த பிறகு பேசினாலும் பொருத்தமே. தீபாவளியை டிசம்பருக்கு இழுத்து வரவே கூடாது. ரமலான் வருடா வருடம் முன்னே நகர்ந்து 2030-இல் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலும் இரண்டு முறை தொடங்கும். அதுவரை அதற்கு டிசம்பரில் வேலையில்லை.

அடுத்த சிக்கல், வகுப்பில் இருக்கும் ஒரே இந்துப் பிள்ளையையோ ஒரே யூதப் பிள்ளையையோ எழுப்பி "உங்கள் பண்டிகையைப் பற்றிச் சொல்" என்பது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெருமையாகவும் இருக்கலாம், ஓடி ஒளிய வேண்டும்போலவும் இருக்கலாம். பெற்றோரிடம் முன்னால் கேட்டுவிட்டு, பிள்ளையும் சரி என்ற பிறகே செய்யுங்கள். ஐந்து நாளில் ஐந்து பண்டிகை என்று ஓடாமல், செப்டம்பர் முதல் மே வரை அந்தந்தப் பண்டிகை வரும் நாளில் ஒவ்வொன்றையும் எடுத்தால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். டிசம்பரில் மட்டும் செய்தால் பாதிப் பலன்தான்.

குளிர்காலம் மட்டும்

எங்களுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஒரு நிபந்தனையோடு. சிவப்பு பச்சைத் தாள், பரிசுப் பெட்டி, சறுக்கு வண்டி மணி எல்லாவற்றையும் வைத்துவிட்டு மேலே 'குளிர்காலம்' என்று எழுதினால் அது பெயர் மாற்றிய கிறிஸ்துமஸ். சுவரில் ஒட்டியது ஜனவரி 31 வரை அப்படியே இருக்கலாமா என்று பாருங்கள். இருக்கலாம் என்றால் அது குளிர்காலம். டிசம்பர் 19 மாலையே கழற்ற வேண்டும் என்றால் அது கிறிஸ்துமஸ்.

செய்வதற்கு இதில் ஏராளம். வெர்மான்டின் ஜெரிகோ ஊர் விவசாயி வில்சன் பென்ட்லி 1885 ஜனவரி 15 அன்று பனிப் படிகத்தை முதன்முதலில் நுண்ணோக்கி வழியாகப் படம் எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேல் எடுத்தார். பனித்துகளுக்கு ஆறு கிளை, நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால். பிள்ளைகள் தாளில் வெட்டும் பனித்துகளோ பெரும்பாலும் நான்கோ எட்டோ கிளையோடு வருகிறது. காரணம் மடிப்பு. சதுரத் தாளைக் குறுக்காக மடித்து முக்கோணமாக்குங்கள், அதைப் பாதியாக மடியுங்கள். இப்போது மடிப்பு முனையில் 90 டிகிரி. இதை மறுபடியும் பாதியாக மடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மூன்றாக மடிக்க வேண்டும், ஐஸ்கிரீம் கோன் சுற்றுவதுபோல் ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னும். 30 டிகிரியில் 12 அடுக்கு வரும், விரித்தால் ஆறு கிளை. இரண்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆசிரியரே மடித்துக் கொடுப்பது நல்லது. 12 அடுக்கை வெட்டச் சின்னக் கத்தரிக்கோல் திணறும், ஆகவே ஒரிகாமி அளவு மெல்லிய தாள் வேண்டும். தடித்த கைவினைத் தாள் ஆகாது.

படிகம் வளர்க்க ஒரு கப் கொதிநீருக்கு மூன்று மேசைக்கரண்டி போராக்ஸ் (வெண்காரம்). பைப் கிளீனர் கம்பியை மூன்று துண்டாக வெட்டி நடுவில் முறுக்கினால் ஆறு கிளை. அதை நூலில் கட்டி, ஜாடியின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். பட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அசைக்காமல் ஓர் இரவு வைக்க வேண்டும், அதனால் வியாழக்கிழமை பிற்பகல் தொடங்கி வெள்ளிக் காலை எடுப்பது வசதி. கொதிநீரை ஊற்றுவது பெரியவர் மட்டும். போராக்ஸ் வாயில் போகக் கூடாது, தொட்ட கையைக் கழுவ வேண்டும். படிகம் பொடிப்பொடியாக வந்தால் நீர் சூடு போதாமலோ வேகமாக ஆறியோ இருக்கலாம்.

அக்டோபரிலிருந்தே வாரம் ஒரு முறை, ஒரே மணிக்கு, ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளந்து குறித்துவந்தால் டிசம்பர் 21-ஐ ஒட்டி நிழல் மிக நீளமாகும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதன் பிறகு அளக்கும் நேரத்தையும் ஒரு மணி முன்னதாக மாற்றிக்கொள்ள வேண்டும். மறந்தால் வரைபடம் குதிக்கும். டிசம்பர் 21 அன்று பகல் சியாட்டிலில் சுமார் எட்டரை மணி நேரம், நியூ ஜெர்சியில் ஒன்பதேகால், சென்னையில் 11 மணி 20 நிமிடம். தாத்தா பாட்டி சென்னையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கடைசி எண் என்ன செய்யும் என்பதை வகுப்பில் பார்த்தால் தெரியும். ஹூஸ்டன், மியாமி பக்கம் பனி விழுவதே அபூர்வம். அங்கே பனி மனிதன் வரையவைப்பதும் ஒரு வகை இரவல்தான். குறையும் பகல், வலசை வரும் பறவைகள் என்று அந்த ஊரின் குளிர்காலத்தையே எடுங்கள்.

ஒன்றும் வேண்டாம்

நான்காம் வகுப்புக்கு மேல் இது போதும். சிறு வகுப்புகளில் ஆசிரியர் பேசாமல் இருந்தாலும் பிள்ளைகள் பேசுவார்கள். அப்போது சத்தமாகப் பேசும் வீட்டின் வழக்கமே வகுப்பின் வழக்கமாகிவிடும்.

கற்பனைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் சொல்லுக்கு எவ்வளவு வலு என்பதற்கு ஒரு ஆய்வு. 2004-இல் உளவியலாளர் ஜாக்குலின் வூலியும் சக ஆய்வாளர்களும் 'மிட்டாய்ச் சூனியக்காரி' என்று ஒரு பாத்திரத்தைப் புதிதாக உருவாக்கி, பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். ஹாலோவீன் இரவில் வந்து மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துவிட்டுப் போவாளாம். பலர் நம்பினார்கள். வீட்டில் அப்படி 'வந்துபோனதை' பார்த்த பெரிய பிள்ளைகள் இன்னும் உறுதியாக நம்பினார்கள். ஒரு பெரியவர் சொல்வதும் கண்ணுக்கு முன்னால் ஒரு சான்றும் போதும். வகுப்பில் இரண்டும் ஆசிரியரின் கையில் இருக்கின்றன.

ஆகவே மூன்று நிலைகளில் ஒன்றை எடுக்கலாம். முதலாவது, ஆசிரியரே கற்பனையை நடத்துவது: சான்டாவின் பதில் கடிதம், தரையில் மினுக்குத் தூள் காலடி. நம்பாத வீட்டுப் பிள்ளை இதில் மாட்டிக்கொள்ளும். அம்மா சொன்னது பொய்யா, டீச்சர் சொல்வது பொய்யா என்று ஆறு வயதில் முடிவெடுக்கச் சொல்வது நியாயமல்ல. இரண்டாவது, உடைப்பதுமில்லை, கட்டுவதுமில்லை. மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்தே விளையாடும் கற்பனை.

இரண்டாவதுதான் அன்றாடத்துக்கு. "சான்டா நிஜமா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். மறுபடியும் கேட்டால், "உன் வீட்டில் கேட்க வேண்டிய நல்ல கேள்வி இது" என்று சொல்லுங்கள். ஒரு பிள்ளை எழுந்து "சான்டா எல்லாம் கிடையாது, அப்பாதான் வாங்குறார்" என்றால் கண்டிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி. உன் வீட்டுச் செய்தியை நீ சொல்லலாம், அடுத்த வீட்டுச் செய்தியை அவர்களே சொல்லட்டும்" என்றால் போதும். அந்தப் பிள்ளை உண்மையைத்தான் சொன்னது, அதற்குத் தண்டனை கிடையாது. எதிர்த் தவறும் நடக்கிறது. 2018-இல் நியூ ஜெர்சியில் ஒரு மாற்று ஆசிரியர் முதல் வகுப்பில் சான்டாவும் பல் தேவதையும் பொய் என்று சொல்லிவிட, பள்ளி முதல்வர் பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. மாற்று ஆசிரியருக்கு வைக்கும் குறிப்பில் இதற்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

பெரியவர்கள் பயப்படும் அளவுக்குப் பிள்ளைகள் உடைந்துபோவதில்லை. 1994-இல் ஆண்டர்சன், பிரென்டிஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக ஏழு வயதில் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் அதை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டார்கள், வருந்தியது பெற்றோர். ஆனாலும் அந்தக் கண்டுபிடிப்பு பிள்ளையுடையது, வகுப்பில் பறிக்கக் கூடாது.

பல் விழுவது வருடம் முழுக்க நடக்கும். செவிலியர் அறையில் தரும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் பல்லைப் போட்டு, "வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுபோ" என்றால் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். ஒரு பிள்ளை அதைத் தலையணைக்கு அடியில் வைக்கும், தமிழ் வீட்டுப் பிள்ளை கூரைமேல் எறியும்.

மூன்றாவது நிலைக்கு நல்ல உதாரணம், சிறுவர் கதையில் வரும், ஓடிப்போன இஞ்சி ரொட்டி மனிதனைத் தேடும் விளையாட்டு. வழக்கமாக ஆசிரியர் ஒளித்துவைத்துவிட்டு "ஐயோ, ஓடிவிட்டான்!" என்பார். அதை மாற்றி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே துப்பு எழுதிக் கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்காக ஒளித்துவைக்கட்டும். ஆறு துப்பு, ஒவ்வொன்றும் இரண்டு வரி, கடைசி இடம் நூலகம். சிறியவர்களிடம் தொடங்கும்போதே "இது கதை விளையாட்டு, வருகிறீர்களா?" என்று சொல்லிவிடலாம். ஆர்வம் ஒரு துளி குறையாது. அப்பா அம்மா விளையாட்டு கற்பனை என்று தெரிந்தேதான் பிள்ளைகள் மணிக்கணக்கில் விளையாடுகிறார்கள்.

விருந்தில் கவனிக்க வேண்டியது

பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது, அது பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. சூடான சாக்லேட்டில் அதை மிதக்கவிட்டால் முஸ்லிம், யூத, சைவ உணவு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரே கோப்பையில் சிக்கல். பிஸ்கட் வீடு ஒட்டும் சர்க்கரைக் குழம்பான ராயல் ஐசிங்கில் மெரிங்க் பவுடர், அதாவது முட்டை வெள்ளை. முட்டை இல்லாமல் சர்க்கரைத் தூளும் நீரும் மட்டும் குழைத்தால் சுவர் நிற்காது. காலியான சின்னப் பால் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, அதன்மேல் கிரஹாம் பிஸ்கட்டை ஒட்டினால் ஐசிங் பலவீனமானாலும் வீடு சாயாது. வீட்டை முந்தின நாளே ஒட்டிவிட வேண்டும். அன்றே ஒட்டி அன்றே அலங்கரித்தால் கூரை சறுக்கும். சாப்பிடாத பிள்ளைக்குத் தனித் தட்டு கொடுத்து ஒதுக்குவதைவிட, எல்லோரும் சாப்பிடக்கூடியதையே எல்லோருக்கும் வைப்பது மேல்.

வகுப்புக்கு அழைக்கப்படும் தமிழ்ப் பெற்றோர்

டிசம்பரில் அழைத்தால் தீபாவளியைக் கொண்டுபோகாதீர்கள், மார்கழி இருக்கிறது. இடைப்புள்ளியாக 5-இல் தொடங்கி 3-இல் முடியும் கோலத்தில் வரிசைக்கு 3, 4, 5, 4, 3 என்று 19 புள்ளி. வெளிக்கோட்டை இணைத்தால் அறுகோணம். பனித்துகள் பாடம் நடந்த வகுப்பில் பிள்ளைகளே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கறுப்புத் தாளும் வெள்ளைச் சாக்குக்கட்டியும் போதும், வெளியில் குளிரில் குனிய வேண்டாம். புள்ளிகளை முன்கூட்டியே வைத்த தாளைக் கொண்டுபோங்கள். புள்ளி வைப்பதிலேயே இருபது நிமிடம் போய்விடும். "எங்கள் வீட்டு வாசலில் இப்படிப் போடுவோம்" என்று சொல்லிக் காட்டுவது கற்பித்தல். விளக்கேற்றிப் பூஜை செய்து பிரசாதம் கொடுத்தால் அது வழிபாடு, பள்ளியில் வேண்டாம்.

வீட்டில் "சான்டா கிடையாது" என்று சொல்லி வளர்ப்பவர்கள் பிள்ளையிடம் இன்னொரு வரியும் சொல்லிவைப்பது நல்லது: "சில வீடுகளில் இது அவர்களுடைய விளையாட்டு, அதை நாம் கலைக்க வேண்டாம்." நான்கு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

எங்கள் தேர்வு, தேதியோடு

கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரை: குளிர்காலம் அடிப்படை, பண்டிகைகள் அவை வரும் நாளில் பாடமாக, சான்டா விஷயத்தில் இரண்டாவது நிலை, கதை விளையாட்டு ஒன்று. மூன்றாம் வகுப்பில் கதை விளையாட்டை நடத்துபவர்களாகப் பிள்ளைகளை மாற்றுங்கள். வகுப்பில் எல்லோருமே கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தாலும் இதே தேர்வுதான். பரிசுக் கணக்கு அந்த வகுப்பிலும் வலிக்கும்.

நவம்பர் முதல் வாரம் வீட்டுக்கு ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். அதில் நான்கு விஷயம்: டிசம்பரில் செய்யப்போகும் வேலைகளின் பட்டியல் தேதியோடு, உணவுப் பொருட்களின் முழுப் பட்டியல், சான்டா பற்றிக் கேட்டால் ஆசிரியர் என்ன பதில் சொல்வார் என்பது அப்படியே, எதிலிருந்தாவது பிள்ளையை விலக்க வேண்டுமா என்று குறிக்க ஒரு கட்டம். கட்டத்தில் குறி வந்தால் அந்தப் பிள்ளையை நூலகத்துக்கு அனுப்பும் வேலையாக ஆக்காமல், அந்த நேரத்து வேலையையே மாற்ற முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். சான்டாவுக்கு எழுதும் கடிதம் பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கு எழுதும் நன்றிக் கடிதமாகலாம். விளித்தல், உடல், முடிவு, கையெழுத்து என்று கற்க வேண்டிய பாகம் அத்தனையும் அதிலும் உண்டு, மறுநாள் காலையே பேருந்து ஏறும்போது நேரில் பதிலும் கிடைக்கும்.